நோட்டீசின் அடியில் இருந்த பெயர்கள்

ராஜபாளையத்தில் தங்கபாய் டீச்சர் என்று விசாரித்தால் யாருக்கும் தெரியாது. ஆதாரம் டீச்சர் என்றால் பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழம் விற்கிறவர்கூட வழி சொல்வார். சொல்லிவிட்டு, "யாரு வழி சொன்னான்னு கேப்பாக. எம் பேரைச் சொல்லிப்புடாதிய" என்றும் சேர்த்துக்கொள்வார்.

இந்தப் பட்டம் பள்ளிக்கூடத்தில் கிடைத்ததல்ல. கல்யாணம் நின்றபோது கிடைத்தது.

1981ஆம் வருடம் தங்கபாய்க்கு இருபத்து மூன்று வயது. மாப்பிள்ளை தேவதானத்துக்காரர். சர்ச்சில் முதல் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்தாயிற்று. இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று போதகர் மூன்று ஞாயிற்றுக்கிழமை கேட்பார். மூன்று ஞாயிறும் சபை வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். சபை அப்படியே இருந்தது. சபைக்கு வெளியில்தான் பேசினார்கள். இரண்டாவது ஓலைக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்து, பெண்ணுக்குக் காக்காய் வலிப்பு இருக்கிறதாமே, முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று வருத்தப்பட்டுவிட்டு, காப்பியும் குடித்துவிட்டுப் போனார்.

"யாரு சொன்னா?" என்று தங்கபாய் கேட்டாள்.

"ஊருல சொல்லுதாகம்மா."

மற்ற வீடாக இருந்தால் அழுதிருப்பார்கள். தங்கபாய் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வந்தவருக்கு யார் சொன்னது என்று கேட்டு அந்த வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டுக்கு யார் சொன்னது என்று கேட்டு அடுத்த வீடு. செட்டியார்பட்டியில் இரண்டு வீடு, சேத்தூரில் நான்கு வீடு, மிச்சம் தேவதானத்தில். பெயர், கேள்விப்பட்ட தேதி, எந்த இடத்தில் வைத்து என்று எழுதிக்கொண்டே போனாள். பதினோராவது வீட்டில் ஒரு பெண் அரிசி புடைத்துக்கொண்டே, "எனக்கு மாப்பிள்ளையோட அம்மாதான் சொன்னாக" என்றாள். அவர்களுக்கு விருதுநகரில் இதைவிடக் கனமான இடம் ஒன்று வந்திருந்தது என்பதையும் கேட்காமலே சொன்னாள்.

தங்கபாய் பதினோரு பெயரையும் முத்து முத்தாக எழுதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச் நோட்டீஸ் போர்டில் தன் கல்யாண ஓலைக்குப் பக்கத்திலேயே குத்திவிட்டாள். போதகர் அதைக் கிழித்துப் போட்டார். இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் கிழித்தார். நின்ற கல்யாணம் நின்றதுதான். அதற்குப் பிறகு வேறு வரனும் வரவில்லை. காக்காய் வலிப்புக்காவது மாத்திரை உண்டு, யார் சொன்னது என்று வீடு வீடாகக் கேட்கிற நோய்க்கு எந்த டாக்டரிடமும் மருந்து இல்லை என்று ஊர் முடிவு கட்டியது. இந்த முடிவை முதலில் சொன்னது யார் என்று தங்கபாய் தேடிப் போகவில்லை. அது ஒன்றைத்தான் அவள் சும்மா விட்டாள்.

1983 ஜூனில் கருத்தையா நினைவு நர்சரி அண்டு பிரைமரி பள்ளி திறந்தபோது தங்கபாய் முதல் ஆளாக டீச்சர் வேலைக்குச் சேர்ந்தாள். கருத்தையா என்பவர் பஞ்சு அரைவை மில் வைத்திருந்து காலமானவர். அவர் மகன் சௌந்தரபாண்டியன் மில்லின் பழைய குடோனுக்கு வெள்ளையடித்து, நான்கு தட்டி வைத்து மறித்து, தாளாளர், அதாவது கரஸ்பாண்டண்ட் ஆனார். முதல் இரண்டு வருடம் பிள்ளைகள் தும்மிக்கொண்டே அ, ஆ படித்தார்கள். பஞ்சுத் தூசி போவதற்குள் பள்ளிக்கு அங்கீகாரம் வந்துவிட்டது.

பன்னிரண்டு வருடம் அப்படியே ஓடியது. தங்கபாயின் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். வீட்டில் மிச்சம் இருந்தது கடைக்குட்டித் தங்கை ஜெயபாய். அவள் மதுரையில் ஹாஸ்டலில் தங்கி எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் சம்பளத்தில்தான் அந்தப் படிப்பு நடந்தது. இதை ஊரும் அறியும், கரஸ்பாண்டண்டும் அறிவார்.

1995 தீபாவளிக்குப் பிறகு பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. எதிர்த்த பள்ளிக்கூடத்தில் வாங்கிவிட்டார்கள், அதனால் வந்தது. அதற்குத் தனி அறை, ஜன்னலுக்குத் திரை, மெரூன் நிறத்தில் வெல்வெட் உறை. வெள்ளிக்கிழமைதோறும் மானிட்டருக்குச் சந்தனம் வைத்து, மவுசுக்குக் குங்குமப் பொட்டு வைத்து, சாம்பிராணி காட்டினார்கள். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக உள்ளே போய், கையைக் கட்டிக்கொண்டு, தரிசித்துவிட்டு அடுத்த வாசல் வழியாக வெளியேறினார்கள். கம்ப்யூட்டர் இன்சார்ஜ் கரஸ்பாண்டண்டின் மச்சினர் சோலைச்சாமி. அவருக்கு அதற்கு முந்தைய தொழில் மைக்செட். ஸ்விட்ச் போடத் தெரியும், நிறுத்தத் தெரியும், நடுவில் சீட்டு விளையாடத் தெரியும்.

பிப்ரவரி கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு கல்விக் கண்காட்சி நடக்கும் என்று ஜனவரியிலேயே அறிவிப்பு வந்தது. சௌந்தரபாண்டியன் தங்கபாயைக் கூப்பிட்டார்.

"டீச்சர், எதிர்த்த ஸ்கூல்காரன் எரிமலை செஞ்சு கொண்டாரானாம். நம்ம அதைவிடப் பெருசாச் செய்யணும். அஞ்சாங்கிளாஸ் புள்ளைகளே ஆராய்ச்சி பண்ணி, அதுகளே கம்ப்யூட்டர்ல அடிச்ச நோட்டீஸ். நோட்டீஸ் பாக்குறவன் அடுத்த நாளே அட்மிஷனுக்கு வந்து நிக்கணும்."

"புள்ளைக என்ன ஆராய்ச்சி சார் பண்ணணும்?"

"அது எதுவா இருந்தா என்ன? நீங்க எழுதிக் குடுங்க, அதுக பாத்து அடிக்கட்டும்."

"நான் எழுதிக் குடுத்தா அது என் ஆராய்ச்சில்லா சார்?"

சௌந்தரபாண்டியனுக்கு இந்த வித்தியாசம் பிடிபடவில்லை. சரி, என்னமோ செய்யுங்க என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகப் பின்னால் அவர் ரொம்பவும் வருந்தினார்.

இருபத்து நான்கு பிள்ளைகளை ஐந்து குழுவாகப் பிரித்தாள் தங்கபாய். பால்கோவா, மாம்பழம், நாய், அய்யனார் கோவில் அருவி, பள்ளிக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிற கருத்தையா கிணறு. விதி ஒன்றுதான். எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் அடியில் ஆதாரம் போட வேண்டும். ஆதாரம் என்றால் மூன்று: யார் சொன்னது, எப்போது சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும். மூன்றாவதுதான் முக்கியம் என்று கரும்பலகையில் இரண்டு கோடு போட்டாள்.

பிள்ளைகள் வேலையைத் தொடங்கினார்கள். அருவிக் குழு முதலில் முடித்தது: "அருவித் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும். ஆதாரம்: நான் நனைந்தேன், தை மாதம்." நாய்க் குழு: "எங்கள் ஊர் நாய் கடிக்கும். ஆதாரம்: எனது வலது கால். பார்க்க வேண்டுமானால் காட்டப்படும்." அதே குழு இன்னொரு வரியில், "இந்த நாய் வேட்டைக்குப் போகும். ஆதாரம்: எங்கள் மாமா. அவர் வேட்டைக்குப் போனதில்லை. அவருடைய மாமா போனாராம். அவர் இறந்துவிட்டார்" என்று நேர்மையாக எழுதியிருந்தது. பால்கோவாக் குழுவிடம் கடைக்காரர் பக்குவத்தைச் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்து அனுப்பிவிட்டார். "சுவையாக இருக்கும். ஆதாரம்: ஐந்து பேர்" என்று எழுதினார்கள்.

கையால் எழுதிய படிகளை வராந்தாவில் ஒட்டினாள் தங்கபாய். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

இந்த ஊர்ப் பக்கத்தில் நோட்டீசை யாரும் மேலிருந்து வாசிப்பதில்லை. மேலே சாமி படம். அது எல்லா நோட்டீசிலும் ஒன்றுதான். நடுவில் விஷயம், அது எல்லோருக்கும் முன்பே தெரிந்தது. கையில் வாங்கியதும் கண் நேராக அடிக்குத்தான் போகும். அங்கேதான் பெயர்கள் இருக்கும். தன் பெயர் இருக்கிறதா, இருந்தால் யாருக்கு மேலே, யாருக்குக் கீழே, எழுத்து தடிமனா ஒல்லியா. ஒரு காதுகுத்து நோட்டீசில் தாய்மாமன் பெயர் மூன்றாவதாக வந்துவிட்டதால் அந்தப் பிள்ளை காது குத்தாமலே பத்தாம் வகுப்புவரை வந்துவிட்டது.

அப்படிப்பட்ட ஊரில், நோட்டீசின் அடியில் ஒரு பட்டியல் என்றால் அது என்னவாக இருக்க முடியும்? உபயதாரர்கள். முதல் நாளே சோலைச்சாமி கோபமாக வந்தார்.

"டீச்சர், பால்கோவாக் கடைக்காரர் பேரு இருக்கு. ஏதோ ஒரு மாமா பேரு இருக்கு, செத்துப்போனவரு பேரு இருக்கு. வருசா வருசம் ஆண்டு விழாவுக்கு இலவசமா மைக்செட்டு போடுதேன், எம் பேரு எங்க?"

"அது ஆதாரம் சார். விஷயத்தைச் சொன்னவங்க பேரு. நீங்க எதுக்கு ஆதாரம்?"

"எதுக்கு வேணும்னாலும் இருக்கேன்."

நிஜமாகவே இருந்தார். அருவிக்கும் இருந்தார், மாம்பழத்துக்கும் இருந்தார். அடுத்தடுத்த நாட்களில் நாலைந்து தகப்பன்மார் வந்து, தாங்களும் எதற்காவது ஆதாரமாக இருக்கத் தயார் என்றும், ஆனால் இன்னாருக்குக் கீழே இருக்க முடியாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். தங்கபாய் ஒவ்வொருவரிடமும், "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள்.

கிணற்றுக் குழுவுக்குத் தலைவி நாச்சியார் என்கிற பெண். தறிக்காரர் மகள், சந்தேகம் பிடித்தவள். அவள் முதல் நாளே வந்து, "டீச்சர், கிணத்துல 'கருத்தையா உபயம்'னு கல்லு இருக்கு. கல்லுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

தங்கபாய்க்கு இது எங்கே போய் நிற்கும் என்று அப்போதே தெரியும். தெரிந்தும், "போய் விசாரி" என்றாள்.

பள்ளி வாசலில் பனங்கிழங்கும் நெல்லிக்காயும் விற்கிற பிச்சையம்மாளுக்கு அறுபது வயது. குழு அவளைச் சுற்றி நின்றது.

"ஆச்சி, இந்தக் கெணத்தை யாரு வெட்டுனா?"

"ஏட்டி, கெழங்கு வாங்க வந்தியா, கேள்வி கேக்க வந்தியா? அதான் கல்லுல போட்டிருக்கே. வாசிக்கத் தெரியாதவ எனக்கா தெரியும்?"

"வாசிச்சிட்டோம் ஆச்சி. நீங்க சொல்லுங்க."

பிச்சையம்மாள் கொஞ்ச நேரம் ஈ விரட்டினாள். பிறகு சொன்னாள். "மழை பொய்ச்சுப் போன வருசம். எனக்குப் பதினாறு வயசு. எங்க அய்யாவும் தெரு ஆம்பளைகளும் கடப்பாரை புடிச்சாக. நாங்க பொம்பளைக கூடையில மண்ணு செமந்தோம். பாறை வந்து மூணு மாசம் தின்னுருச்சு. எங்க சின்னையா காலு நசுங்குனது அதுலதான். தண்ணி வந்த அன்னைக்குக் கருத்தையா மொதலாளி வண்டியில வந்தாக. எட்டிப் பாத்தாக. 'தண்ணி வந்துருச்சா'ன்னாக. வந்துருச்சுய்யான்னோம். மறுவாரம் கல்லு வந்துருச்சு."

"ஒங்க பேரை நோட்டீஸ்ல போடுவோம் ஆச்சி."

"போடி. நான் என்ன கோயிலுக்கு மணியா வாங்கிக் குடுத்தேன்?"

ஆனால் பிள்ளைகள் நாலு எட்டு வைப்பதற்குள் கூப்பிட்டாள். "ஏட்டி, போடுததா இருந்தா சரியாப் போடு. முன்னால 'க.' போடு. கருப்பன் மக பிச்சையம்மாள்."

ஒருத்தர் சொன்னால் அது பேச்சு, இரண்டு இடத்தில் இருந்தால்தான் ஆதாரம் என்பது தங்கபாயின் கணக்கு. அந்தச் சனிக்கிழமை குழுவை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனாள். பழைய பதிவேடுகள் இருக்கிற ஓர் அரசாங்க அலுவலகம். அங்கே சுப்புராஜ் என்ற கிளார்க் நிமிர்ந்து பார்க்காமல், "எந்த டிபார்ட்மெண்ட்?" என்றார்.

"அஞ்சாம் வகுப்பு, ஏ பிரிவு" என்றாள் நாச்சியார்.

நிமிர்ந்தார். சிரித்துவிட்டார். சிரித்த பாவத்துக்கு இரண்டு மணி நேரம் தூசிக்குள் தேடினார். ஒரு பதிவேட்டில் இருந்தது: பொதுக் கிணறு, ஊரார் வெட்டியது, 1952. கருத்தையாவின் பெயரும் பக்கத்திலேயே இருந்தது, பெயர்ப் பலகைக் கல் வைக்க அனுமதி கேட்டவர் என்று.

"எழுதிக்கிடுங்க. எம் பேரை மட்டும் போட்ராதிய" என்றார் சுப்புராஜ்.

"போட்டாத்தான் சார் செல்லும்" என்றாள் தங்கபாய்.

அவர் யோசித்தார். "அப்ப ஹெட்கிளார்க் பேரும் சேத்துப் போடுங்க. அவருக்குக் கீழதான் எம் பேரு வரணும். மேல வந்துச்சுன்னா நான் இங்க வேலை பாக்க முடியாது."

கிணற்று நோட்டீஸ் திங்கட்கிழமை காலை வராந்தாவில் ஏறியது. மத்தியானம் தங்கபாய் கரஸ்பாண்டண்ட் அறையில் நின்றாள். தேதி பிப்ரவரி 5.

"கெழங்கு விக்கிறவ எங்க அப்பாவுக்கு ஆதாரமா?" என்றார் சௌந்தரபாண்டியன்.

"அப்பாவுக்கு இல்ல சார், கெணத்துக்கு."

"கெணத்தை வெட்டுனது எங்க அப்பா."

"ஒங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

கேட்டிருக்கக் கூடாது. வாயில் பழகிப்போன கேள்வி, வந்துவிட்டது. சௌந்தரபாண்டியன் சத்தம் போடவில்லை. மெதுவாகப் பேசினார். அவர் மெதுவாகப் பேசினால் மில்லில் யாருக்கோ சீட்டுக் கிழிகிறது என்று அர்த்தம்.

"தங்கச்சிக்கு எம்.ஏ. இன்னும் ஒரு வருசம் இருக்குல்ல? எங்க அப்பா வெட்டுனதா நோட்டீஸ்ல வரணும். கீழ எம் பேரு வரணும். மொதப் பேரா, தடிச்ச எழுத்துல. அந்தக் கெழவி, அந்தக் கிளார்க்கு, அதுகள வேணும்னா எனக்குக் கீழ பொடி எழுத்துல போட்டுக்கிடுங்க, எனக்கு அதுல பெரிய மனசுதான். இல்லன்னா அடுத்த திங்கக்கிழமை நீங்க வர வேண்டாம்."

தங்கபாய் வகுப்புக்கு வந்தாள். வேறு பள்ளிகள் ஊரில் இல்லாமல் இல்லை. ஆனால் ஆதாரம் டீச்சரை வேலைக்கு வைக்கிற துணிச்சல் எந்தக் கரஸ்பாண்டண்டுக்கும் கிடையாது. பொய்யை எழுதினால் தங்கை படிப்பாள். எழுதாவிட்டால் தங்கை வீட்டுக்கு வருவாள். இவ்வளவுதான் கணக்கு. அதைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு போட முடியாது. கரும்பலகையில் இருந்ததையெல்லாம் அழித்தாள். பிள்ளைகள் சத்தம் போட ஆரம்பித்தபோது திரும்பினாள்.

"கிணத்துக் குழு, புதுசா ஒரு ஆதாரம் கிடைச்சிருக்கு. நோட்டை எடுங்க. கிணத்தை வெட்டுனது கருத்தையான்னு சொல்றவங்க ஒருத்தர் இருக்காங்க."

"யாரு சொன்னா டீச்சர்?" என்றாள் நாச்சியார்.

"நம்ம தாளாளர்."

"எப்ப சொன்னாக?"

"இன்னைக்கு. மத்தியானம் ஒன்றரை மணிக்கு, அவங்க ரூம்ல."

"அவியளுக்கு எப்படித் தெரியும்?"

"அதைச் சொல்லலை."

நாச்சியார் எழுதிக்கொண்டே வந்தவள், நிறுத்தினாள். தன் கணக்கு நோட்டைத் திருப்பினாள். போன வருடம் கரஸ்பாண்டண்டின் நாற்பதாவது பிறந்தநாளுக்குப் பள்ளி முழுக்க நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். நல்ல வழவழப்புக் காகிதம். எல்லாப் பிள்ளைகளும் நோட்டுக்கு அதைத்தான் அட்டையாகப் போட்டிருந்தார்கள். அட்டையில் சௌந்தரபாண்டியன் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்திலே பிறந்த தேதி.

"டீச்சர், இதையும் ஆதாரமாப் போடலாமா?"

"அச்சுல வந்ததுதான? போடலாம்" என்றாள் தங்கபாய். அவள் குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

பிள்ளைகள் கம்ப்யூட்டர் அறைக்குப் போனார்கள். ஆளுக்கு மூன்று எழுத்து அழுத்தினார்கள். சோலைச்சாமி பக்கத்தில் நின்று மெதுவா, மெதுவா என்றார். பிரிண்டர் அறுவை மில் மாதிரி கத்தி, ஒரு மணி நேரத்தில் துப்பி முடித்தது. நடுவில் இப்படி இருந்தது: "இந்தக் கிணற்றை வெட்டியவர் கருத்தையா என்று ஒருவர் சொல்கிறார். ஊரார் வெட்டினார்கள் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள், பதிவேடும் சொல்கிறது." அடியில்:

"ஆதாரம்: 1. தாளாளர் உயர்திரு. சௌந்தரபாண்டியன் அவர்கள். சொன்ன நாள் 5-2-96. இவருக்கு எப்படித் தெரியும் என்று சொல்லவில்லை. கிணறு வெட்டியது 1952. இவர் பிறந்தது 1955 (ஆதாரம்: இவரது பிறந்தநாள் நோட்டீஸ்). 2. க. பிச்சையம்மாள். மண் சுமந்தவர்."

அதற்குக் கீழே பதிவேட்டின் எண், ஹெட்கிளார்க், கடைசியில் சுப்புராஜ்.

தங்கபாய் அதைக் கொண்டுபோய் மேஜையில் வைத்துவிட்டு நின்றாள். சௌந்தரபாண்டியன் கையில் எடுத்தார். தலைப்பு, கருத்தையா கிணறு. கண் நேராக அடிக்குப் போனது. முதல் பெயர். தடித்த எழுத்து. உயர்திரு இருக்கிறது, அவர்கள் இருக்கிறது, பிறந்தநாள்கூட இருக்கிறது. வேறு யார் பெயருக்கும் இத்தனை வரி இல்லை. மற்றவர்கள் எல்லோரும் கீழே பொடியாகக் கிடந்தார்கள்.

"அம்சமா இருக்கு டீச்சர்" என்றார். "இப்படி இருக்கணும். மாம்பழம், நாயெல்லாம் போதும். இதை மட்டும் பிரஸ்ல குடுத்து ரோஸ் பேப்பர்ல ரெண்டாயிரம் அடிக்கச் சொல்லுதேன்."

அவள் சொல்லியிருக்கலாம், கடைசிவரை வாசியுங்கள் சார் என்று. சொல்லவில்லை. வாசிக்கத் தெரிந்த மனுஷர்தானே.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கண்காட்சியில் எதிர்த்த பள்ளிக்கூடத்து எரிமலை புகையாமல் சதி செய்தது. சிறப்பு விருந்தினராக வந்த அதிகாரிக்குப் பேச விஷயம் எதுவும் இல்லை. கையில் ரோஸ் நோட்டீஸ் இருந்தது. பிஞ்சுக் குழந்தைகளின் ஆராய்ச்சியை அப்படியே வாசிக்கிறேன் என்று மைக்கைப் பிடித்தார். மைக்செட் சோலைச்சாமியுடையது. மச்சான் பெருமையை ஊர் கேட்கட்டும் என்று தேரடிவரை ஸ்பீக்கர்க் குழாய் கட்டியிருந்தார்.

அதிகாரி அரசாங்க ஆள். எதையும் அடிவரை வாசிக்கிற பழக்கம் உள்ளவர். "இவருக்கு எப்படித் தெரியும் என்று சொல்லவில்லை" என்று வாசித்தபோது பந்தலில் ஒரு சிரிப்பு கிளம்பியது. "இவர் பிறந்தது 1955" என்றபோது அது பந்தலைத் தாண்டிப் போனது. மேடையில் இருந்த சௌந்தரபாண்டியன் தன் பெயர் காதில் விழுந்ததும் எழுந்து நின்று, நாலு பக்கமும் கும்பிட்டார். ஜனம் இன்னும் சிரித்தது. இன்னொரு தடவை கும்பிட்டார். பக்கத்து நாற்காலிக்காரர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, நோட்டீசை அவர் கையில் கொடுத்தார். அப்போதுதான் அவர் அதை மேலிருந்து வாசித்தார்.

கூட்டத்தின் ஓரத்தில் பிச்சையம்மாள் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். குழாயில் தன் பெயர் வந்ததைக் கேட்டாள். முன்னால் 'க.' இருந்ததா என்று பக்கத்தில் இருந்தவளிடம் விசாரித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை சௌந்தரபாண்டியன் மெதுவாகக்கூடப் பேசவில்லை.

"வெளிய போங்க."

"எழுதிக் குடுங்க சார். காரணம் போட்டு, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு."

"எழுதித்தாரேன். எனக்கு என்ன பயமா?" பேனாவை எடுத்தார். "பொய்யான செய்தி பரப்பியதால்..."

"எது சார் பொய்? நீங்க சொன்னதா, பொறந்த வருசமா?"

தாளைக் கிழித்தார். இன்னொன்று எடுத்தார். "தாளாளர் உத்தரவை மீறியதால்" என்று எழுதி, உத்தரவில் தான் கேட்டதெல்லாம் நோட்டீசில் இருப்பதை நினைத்து அதையும் கிழித்தார். மூன்றாவது தாளில் வெறும் தேதி மட்டும் ஏறியது. இந்தக் கடிதம் தங்கபாயின் கைக்குப் போனால் அடுத்து எந்தச் சுவரில் குத்தப்படும் என்று அவருக்கும் தெரியும். சர்ச் கதை தெரியாதவர்கள் ராஜபாளையத்தில் இல்லை.

"பொறவு பாத்துக்கிடலாம்" என்றார்.

தங்கபாய் வகுப்புக்குப் போனாள். அந்தப் பொறவு மூன்று வருடம் வரவில்லை. ஐந்தாம் வகுப்பை அவளிடமிருந்து பிடுங்கி எல்.கே.ஜி.க்கு அனுப்பினார்கள். கம்ப்யூட்டர் அறைப் பக்கம் அவள் போகக் கூடாது என்று சோலைச்சாமிக்கு உத்தரவு. அவர் கதவில் இன்னொரு பூட்டுப் போட்டுவிட்டு உள்ளே சீட்டு விளையாடினார். கிணற்றுக் கல்லுக்குப் புதுசாகப் பச்சைப் பெயிண்ட் அடித்து, கருத்தையாவின் பெயரை முன்னைவிடப் பெரிதாக எழுதினார்கள். தங்கபாய் மூன்று வயதுப் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நிலாவில் முயல் இருக்கிறது என்று சொல்கிற பிள்ளையிடம் யார் சொன்னது என்று கேட்டுக்கொண்டு இருந்தாள். ஜெயபாய் எம்.ஏ. முடித்தாள்.

1999 ஜனவரியில் தங்கபாய்க்கு மூன்று நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் வந்து முடிந்துவிட்டது என்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஆள் கட்டிலில் படுத்திருந்தாள்.

பள்ளிக்கூடம் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அடித்தது. அவள் தனியாக எடுத்துக்கொண்ட படம் எதுவும் அவர்களிடம் இல்லை. ஆண்டு விழாக் குரூப் போட்டோவிலிருந்து வெட்டியிருந்தார்கள். தோளில் வேறு யாருடைய விரல்களோ நாலு இருந்தன. "எங்கள் பள்ளியில் இருபத்தைந்து ஆண்டுகள் தன்னலம் கருதாது தொண்டாற்றிய" என்று போட்டிருந்தது. பள்ளிக்கே அத்தனை வயது இல்லை. அடியில் தடித்த எழுத்தில் சௌந்தரபாண்டியன், அதற்குக் கீழே சோலைச்சாமி, அதற்கும் கீழே பதினெட்டுப் பெயர். இறந்தவள் பெயர் அவற்றைவிடச் சின்னதாக இருந்தது.

மறுநாள் காலை சர்ச்சிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு நடந்து போகிற வழியில், முதல் சுவரொட்டியைத் தாண்டும்போது ஜெயபாய் நின்றாள். "இருபத்தைந்து ஆண்டுகள்" என்பதன் குறுக்கே நீல நிறப் பேனாவில் ஒரு கோடு. பக்கத்தில் சாய்வான எழுத்தில்: "தவறு. 15 வருடம் 7 மாதம். ஆதாரம்: பள்ளி வாசலில் திறப்பு விழாக் கல்வெட்டு, 6-6-1983. அன்று முதல் வேலை பார்த்தார். எப்படித் தெரியும்: டீச்சர் சொன்னார். – நாச்சியார், 8ஆம் வகுப்பு."

அந்தத் தெருவில் ஏழு சுவரொட்டி இருந்தது. பெட்டிக்குப் பின்னால் நடந்துகொண்டே அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். ஏழிலும் திருத்தியிருந்தது. கையெழுத்து ஏழும் ஏழு விதமாக இருந்தது.